வெள்ளிக்கிழமைத் தூசி

அந்த உருண்டை மிளகைவிடச் சிறியது, கடுகைவிடச் சற்றுப் பெரியது. செயற்கை வைரத்தால் ஆன வெறுங்கூடு. உறிஞ்சுகுழாயின் நுனியில் அதைப் பிடித்து அக்கா விளக்குக்கு நேரே திருப்பிப் பார்த்த விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. 2014ஆம் ஆண்டு அது. ஜெர்மன் பேசும் வில் என்ற ஐரோப்பிய நகரத்தில் நாங்கள் வேலை செய்த சிறிய பட்டறை, கடிகாரப் பாகங்களோடு இந்த உருண்டைகளையும் மெருகிடத் தொடங்கியிருந்தது. கடல் கடந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் இவற்றுக்குள் ஹைட்ரஜன் எரிபொருளை உறையவைத்து, லேசரின் ஆற்றலால் கண்ணிமைப்பதைவிடக் கோடி மடங்கு விரைவாக நசுக்கிப் பார்த்தார்கள். எல்லாப் பக்கமும் சமமாக நசுங்கினால் சூரியனுக்குள் நடக்கும் அணு இணைவு அங்கே பற்றிக்கொள்ளும். ஓட்டின்மேல் ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் அந்த இடம் கோணி, ஓட்டின் துணுக்கு எரிபொருளுக்குள் பாய்ந்து அதைக் குளிர்வித்துவிடும். நெருப்புப் பற்றாது; அத்தனை மாத உழைப்பும் வீணாகும்.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்லர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பத்து வருடம் உணவகங்களில் பாத்திரம் கழுவிய பின் எங்களிடம் தற்காலிக ஊழியராகச் சேர்ந்தவர். அவர் உருண்டைகளைக் கழுவி உலர்த்துவார். அடுத்த மேசையில் நான் உருப்பெருக்கியில் பார்த்து, எண் எழுதிப் பெட்டியில் வைப்பேன். மேல்மாடியில் இன்னும் கூரிய கருவியில் கடைசிப் பரிசோதனை நடக்கும். பாத்திரம் கழுவிய கைக்கு இது என்ன பெரிய வேலை என்று அக்கா சொல்லுவார். ஆனால், அவர் கழுவிய உருண்டையில் என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. அந்த மாதக் கடைசியில் அவருக்கு நிரந்தர வேலை தருவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவாக இருந்தது.

அப்போதுதான் மேல்மாடியிலிருந்து மூன்றாவது முறையாகப் பெட்டி திரும்பி வந்தது. என் உருப்பெருக்கிக்கு அகப்படாத நுண்ணிய சாம்பல் துகள்கள். பட்டறைத் தலைவரை, ஜெர்மன் வழக்கப்படி, நாங்கள் ஷெஃப் என்போம். அவர் அக்காவிடம் வந்து, புகை பிடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் அக்கா. இன்னும் ஒரு பெட்டி இப்படி வந்தால் கழுவும் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அன்று நீரை மாற்றி, வடிகட்டியை மாற்றி, கையுறையை மாற்றி மறுபடி மறுபடி கழுவினார்.

மறுவாரம் தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீர் எல்லாத்தையும் கொப்பியில எழுதுறனீரெல்லோ? திரும்பி வந்த பெட்டியள் என்ன கிழமை அடைச்சது?"

புரட்டிப் பார்த்தேன். "மூண்டும் வெள்ளி, அக்கா."

"இண்டைக்கும் வெள்ளி. முகமூடியைக் கழட்டிப்போட்டு வெளிச்சத்துக்கு வாரும்."

ஜன்னலோரம் நிறுத்தி என் முகத்தை ஓர் உருண்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வெள்ளி காலையில் வீட்டில் சாமி கும்பிட்டுத் திருநீறு பூசுவேன். வேலைக்குள் நுழையுமுன் நெற்றியைக் கைக்குட்டையால் துடைப்பேன். புருவத்தை நான் நினைத்ததே இல்லை. முக்காடும் முகமூடியும் மூடாத இடம் அது ஒன்றுதான்.

"நான் தண்ணியை மாத்தி மாத்திச் சாகிறன். நீர் முருகனை ரெண்டு புருவத்திலயும் ஏத்திக்கொண்டு வந்து குனிஞ்சு நிக்கிறீர்."

"சிரிக்காதேங்கோ அக்கா. உங்கட வேலையெல்லோ போகப் பாத்தது."

"அதுக்குத்தான் சிரிக்கிறன். ஆளைப் பிடிச்சாச்சு."

பேசாமல் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தால் துகள்கள் நின்றிருக்கும்; பழி மட்டும் அக்காவோடு இருந்திருக்கும். அந்த நினைப்பு ஒரு நிமிடம் வந்தது என்பதையும் எழுத வேண்டும். கொப்பியோடு ஷெஃபின் அறைக்குப் போனேன். அவர் கேட்டு முடித்து, திருநீற்றில் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். திங்கட்கிழமை கொடுத்தேன். மேல்மாடிக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்றார். "நீங்கள் கும்பிடுவது உங்கள் விருப்பம். புருவத்தைக் கழுவிவிட்டு வாருங்கள்." பிறகு, அதுவரை நான் கேட்டிராத சத்தத்தில் சிரித்தார். மாதக் கடைசியில் அக்காவுக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது. அதை மூன்று தரம் என்னிடம் வாசிக்கக் கொடுத்தார், ஜெர்மன் மொழி என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்தும்.

2022 டிசம்பரில், லேசர் கொடுத்ததைவிடக் கூடுதலான ஆற்றல் எரிபொருளிலிருந்து வந்துவிட்டது என்ற செய்தி வெளியானது. எங்கள் பட்டறையின் உருண்டை அல்ல அது. உருண்டைகளை மெருகிடும் ஒப்பந்தம் எங்களிடமிருந்து எப்போதோ வேறிடம் போயிருந்தது. ஆனாலும் நான் சமையலறையில் எழுந்து நின்றேன். தொலைபேசி அடித்தது. அப்போது அக்கா கடிகாரப் பாகங்களைக் கழுவும் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். அவருக்குக் கீழே மூன்று பேர்.

"தம்பி, பத்திட்டுதாம்."

"ஓம் அக்கா, பாத்தனான். எங்கட உருண்டை இல்லையே எண்டுதான்."

"ஆரின்ர எண்டால் என்ன? நெருப்புக்கு அது தெரியுமோ?" சிரித்தார். பின்னால் பிரஷர் குக்கர் விசிலடித்தது. "இனி உருண்டையை இதைவிடச் சுத்தமாக் கேப்பினம், நெடுகக் கேப்பினம். கழுவ ஆள் காணாது. ஷெஃபோட நாளைக்கே கதைக்கப் போறன், அந்த வேலையைத் திரும்ப எடுப்பமெண்டு. நீரும் காலமை வெள்ளனவா வாரும்."