மடவை வெட்டிய புருவம்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கடலோர உப்பு ஏரிச் சேற்றில் இறால் தடவிப் பிடித்த கை இது. இந்தக் கையால்தான் இரண்டு ஃபைபர் படகு வாங்கினேன். எங்கள் தெருவில் முதல் மாடி வீடு கட்டினேன். ஐஸ் பெட்டி வைத்து மீஞ்சூர் வரை மீன் அனுப்பினேன். புயலில் எல்லாம் போனது, மறுபடியும் கட்டினேன். தாய் தகப்பன் இல்லாத தங்கையை ஆளாக்கினேன். இந்தக் கடைசி ஒன்றை மட்டும் ஊர் கணக்கில் வைப்பதில்லை.

என் தங்கை ஹேண்ட்பால் கோல்கீப்பர். மாநில அணிக்குப் பல வருடம் கோல் காத்து மெடல் வாங்கியவள். ஆட்டத்தை விட்டு எத்தனையோ காலம் ஆன பிறகும், டீக்கடையில் யாராவது கை காலை விரித்து அவளைப் போல நின்று காட்டுவார்கள். பந்து முகத்துக்கே வந்தாலும் கண் சிமிட்ட மாட்டாள் என்பார்கள். போன வருடம் புற்றுநோய் அவளைக் கொண்டுபோனது. இப்போது பள்ளிச் சுவரில் அவள் படத்தை வரைகிறார்கள்.

அந்தக் கண் எங்கே பழகியது என்று எனக்குத்தான் தெரியும்.

ஏரியில் வலை போட எங்கள் குடும்பத்துக்கு உரிமை இல்லை. உரிமை உள்ளவர்கள் வலையை வளைத்து இழுக்கும்போது மடவை மீன் துள்ளி வெளியே பாயும். அப்படித் தாண்டியது பிடித்தவருக்குச் சொந்தம். அதற்காக வலைக்கு வெளியே தண்ணீரில் நிற்போம். அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பத்தொன்பது. கையை விரித்து நெஞ்சால் தடுக்க வேண்டும். ஒருநாள் பெரிய மடவை ஒன்று நேராக முகத்துக்கு வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மீனின் முதுகுத் துடுப்பு முள் இடது புருவத்தைக் கிழித்துவிட்டது.

ரத்தம் ஒழுக அழுதவளிடம் நான் கத்தினேன்: "கண்ண மூடுனா மீனு தானா வந்து கைல உக்காருமா? தொறந்து வெச்சிக்கினு நில்லு!"

வீட்டில் அரிசி இல்லை. மறுநாளும் அங்கேயே நிறுத்தினேன். அதன்பிறகு அவள் கண்ணை மூடவில்லை.

படம் வரைகிறவரிடம் போய் அந்தத் தழும்பைப் போடச் சொன்னேன்.

"போட்டோல அப்டி ஒண்ணும் இல்லியே பெரியவரே. சாமி மாதிரி லட்சணமா இருக்கட்டும்."

பக்கத்தில் நின்ற என் கூட்டாளி சிரித்தான். "இன்னாப்பா, தழும்புக்கும் நீதான் சொந்தக்காரனா? அவ ஆடுன மேட்ச்சு ஒண்ணாச்சும் பாத்துகிறியா நீ?"

பார்த்ததில்லை.

ஒவ்வொரு முறையும் கூப்பிடுவாள். "இந்தத் தபாவாச்சும் வந்துடுண்ணா. முன்னாடியே உக்கார வெக்கிறேன்."

"படகு போவணும்மா, அடுத்த தபா" என்பேன். படகு ஒரு சாக்கு. அவள் முகத்துக்கு நேரே ஒன்று வேகமாக வருவதை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதை அவளிடம் சொன்னதும் இல்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற ஏற முடி கொட்டியது. புருவமும் கொட்டியது. அத்தனை வருடம் முடிக்குள் மறைந்திருந்த கோடு வெளியே வந்தது. பார்க்க முடியாமல் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் சிரித்தது கேட்டது. "இன்னாண்ணா, நீ மூடிக்கிற? தொறந்து நல்லா பாரு. உன் மடவதான்."

சுவரில் படத்துக்குக் கீழே பயிற்சி கொடுத்தவர் பெயர், பெயின்ட் வாங்கிக் கொடுத்தவர் பெயர் எல்லாம் வரப்போகிறதாம். வரட்டும். ஆனால் இடது புருவத்தில் அந்தக் கோட்டைப் போடுங்கள். இது ஏரியில் பட்டது, இவளை அங்கே நிறுத்தியவன் இவள் அண்ணன் என்று கீழே எழுதுங்கள். பெருமையா பாவமா, படிக்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எதுவானாலும் அது என்னுடையது. அதை எழுதாமல் அந்தப் படத்தைத் திறக்கக் கூடாது.