திவச வடை

பசித்தவருக்குச் சோறு போடுவது எந்த இடத்தில் கருணையாக இல்லாமல் போகிறது? சொர்ணவல்லியின் வாழ்க்கை இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

1951 முதல் அவள் திருக்கோகர்ணத்தில் ஆதரவற்ற முதியோர் விடுதி ஒன்றில் சமைத்தாள். கைப்பக்குவம் சுமார்தான், உப்பு அடிக்கடி தூக்கலாகிவிடும். விடுதியில் காலையில் கஞ்சி, பிறகு சோறும் குழம்பும். பலகாரம் என்றால், யாராவது தங்கள் வீட்டில் இறந்தவருக்குத் திவசம் கொடுக்கும் நாளில் அனுப்பும் சாமானில் செய்வதுதான். அதனால் அங்கே யாரும் "வடை எப்போ?" என்று கேட்பதில்லை. "தெவசம் எப்போ?" என்பார்கள்.

அதிகம் கேட்டவர் ரத்தினவேல். தனக்கு யாருமில்லை என்று சொல்லி வந்து சேர்ந்த கிழவர்.

"என்ன சொர்ணம், யாருக்கும் தெவசம் இல்லையா?"

"எவனும் சாக மாட்டேங்கிறானேய்யா, நான் என்ன செய்ய?"

1957 ஆடியில் ஆலங்குடியிலிருந்து முதன்முறையாக ஒரு மாட்டுவண்டி வந்தது. உளுந்து, வெல்லம், எண்ணெய். வருசா வருசம் வரும் என்றார் கூடவே வந்த கணக்குப்பிள்ளை நாகராசு. மத்தியானம் பந்தி உட்கார்ந்தது. சாப்பிடும் முன் இறந்தவரின் பெயரைச் சொல்வது வழக்கம். நாகராசு வாசலில் நின்று சொன்னார்: "எங்க பெரிய மொதலாளி, கடலை வியாபாரம் ரத்தினவேல்..."

வடையைப் பிட்ட கை ஒன்று அப்படியே நின்றது. பக்கத்து இலை இருளாயி சிரித்துவிட்டாள்.

"ஒம்ம பேருதேன்! ஒமக்கே தெவசமாய்யா?"

நாகராசு அந்த முகத்தைப் பார்த்தார்.

"மொதலாளி... காசியில காலமாயிட்டீங்கன்னு ஒங்க மகன் காரியமே பண்ணிட்டாரே!"

"காசிக்கு எங்கடா போனோம்? திருச்சி ஸ்டேசன்ல உக்கார வச்சிட்டு, டிக்கெட் எடுத்துட்டு வாரேன்னு போனான்."

சொர்ணவல்லியின் கையிலிருந்த வாளி சாய்ந்து பாயசம் தரையில் ஓடியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"வண்டியில ஏறுங்க. ஊரைக் கூட்டிச் சொல்லுவோம்" என்றார் நாகராசு.

ரத்தினவேல் எழவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சொர்ணவல்லியைப் பார்த்தார். பந்தி முழுக்க அவளையே பார்த்தது. ஊருக்குச் சொன்னால் அவர் வீடு திரும்பலாம். மகன் அவரை விட்டுவர இன்னொரு ஸ்டேசனும் தேடலாம். விடுதிக்கு இந்த உளுந்து மட்டும் இனி வராது.

அவள் ரத்தினவேலின் இலையில் இன்னொரு வடையை வைத்துவிட்டு நாகராசுவிடம் திரும்பினாள்.

"நீங்க இங்க யாரையும் பாக்கலைங்க. அடுத்த வருசம் உளுந்து கூடக் கொண்டாங்க."

அதை ஏன் சொன்னாள் என்பதை அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.