அழியும் என்று எழுதாத குறிப்பு

விழுப்புரத்தில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. முதலாளி, புரோகிராம் எழுத இரண்டு பேர், குறிப்பு எழுத நான். ஆட்கள் நாலு பேர்தான் என்றாலும் சாமி படங்கள் ஏழு.

நாங்கள் செய்தது ஓர் ஏஐ ஏஜென்ட். போனில் தமிழில் சொன்னால் போதும், கடைக்காரர்களின் கோப்புகளில் எழுதிவைக்கும். அதற்குச் சொந்தமாகக் கை கிடையாது. கோப்பில் எழுத ஒரு கருவி கொடுத்து, அந்தக் கருவி என்ன செய்யும் என்று ஒரு குறிப்பும் கொடுக்க வேண்டும். குறிப்பில் உள்ளதை அது அப்படியே நம்பும். அந்தக் குறிப்பை எழுதுவதுதான் என் வேலை. என்ன உத்தியோகம் என்று கேட்ட சித்தப்பாவிடம் "மெஷினுக்கு லெட்டர் எழுதறேன்" என்றேன். "பதில் போடுதா?" என்று கேட்டார்.

எங்கள் கருவிக்கு ஒரு குணம் உண்டு. எந்தப் பெயரில் எழுதச் சொன்னாலும் கோப்பை முழுசாகப் புதிதாக எழுதும். அதே பெயரில் பழைய கோப்பு இருந்தால் அது காலி. கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்க்க வேறு கருவி இருந்தது. எனவே என் குறிப்பின் முதல் வரி இது: "இந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் அதில் உள்ளது முழுவதும் அழிந்துவிடும். ஒரு வரி சேர்க்க இதைப் பயன்படுத்தாதே."

முதலாளி அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தார்.

"இன்னாம்மா இது? மொத வரியிலயே அழிஞ்சிடும்னு எழுதி வச்சிருக்க. வெள்ளிக்கிழம ஓப்பனிங் வச்சிக்கினு வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

"சார், இத மனுஷங்க படிக்கப் போறதில்ல. ஏஜென்ட்தான் படிக்கும்."

"எது படிச்சா இன்னா? முதல் கோணல் முற்றும் கோணல்."

விளக்கை அணைக்கச் சொல்லாமல் மலையேற்றச் சொல்கிறவர் அவர். கம்ப்யூட்டரை 'ஷட் டவுன்' செய்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. தூங்க வைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சிரிக்க எனக்கும் யோக்கியதை இல்லை. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் 'நிறைஞ்சிருக்கு' என்போம். விருந்தாளி பாடு திண்டாட்டம்.

இரண்டு தரம் எடுத்துச் சொன்னேன். மூன்றாம் தரமும் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவர் சொல்லச் சொல்ல நானே என் கையால் மாற்றி எழுதினேன்: "கோப்புகளை மின்னல் வேகத்தில் மங்களகரமாக எழுதித் தரும் ஒப்பற்ற கருவி." பேருந்து நிலையத்துக்கு எதிரே பிளெக்ஸ் வைத்தால் பொருத்தமாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் சர்வருக்குக் குங்குமம் வைத்து, வாசலில் எலுமிச்சம்பழம் கட்டிப் பூசணிக்காய் உடைத்தோம்.

முதல் வாடிக்கையாளர் திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர். ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் அவரிடம் இருந்தது. நெடுஞ்சாலையில் விபத்து என்றாலும் ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றாலும் ஜனங்கள் அவருக்குத்தான் போன் போடுவார்கள். யாருக்கு என்ன வகை, கடைசியாகக் கொடுத்தது எப்போது என்று ஒரு நோட்டில் பல வருஷமாகச் சேர்த்தது. மழைத் தண்ணீரில் நோட்டு ஊறிப்போனதால், படிக்க முடிந்த பக்கங்களைப் பார்த்து நானே டைப் செய்து ஒரே கோப்பாக்கிக் கொடுத்தேன். நோட்டை அதோடு தூக்கிப் போட்டுவிட்டார்.

மூன்றாம் வாரம் அவர் ஏஜென்ட்டிடம், "மயிலத்துக்காரர் ஒருத்தர், ஓ பாசிட்டிவ், லிஸ்ட்ல சேத்துக்க" என்றார். ஏஜென்ட் குறிப்புகளைப் பார்த்தது. ஒன்று வெறும் சேர்க்கும் கருவி, இன்னொன்று ஒப்பற்ற கருவி. ஒப்பற்றதை எடுத்து எழுதிவிட்டு 'வெற்றிகரமாக எழுதப்பட்டது' என்றும் சொன்னது. பொய்யில்லை. கோப்பில் மயிலத்துக்காரர் தன்னந்தனியாக இருந்தார். தினமும் நகல் எடுக்கும் வேலையும் ஒழுங்காக நடந்து, பழைய நகலின் மேலேயே அந்த ஒரு மனிதரைப் பத்திரமாக நகலெடுத்திருந்தது.

மறுநாள் காலை கடைக்காரர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"மேடம், லிஸ்ட்ட காணோம். ஜல்தியா எடுத்துக் குடுங்க. பிரசவத்துக்கு வந்த பொண்ணு ஒண்ணுக்கு பி நெகட்டிவ் கேட்டுக்கினு நிக்கிறாங்க."

எடுத்துக் கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை. புதுச்சேரியிலிருந்து மதியம் ரத்தம் வந்துசேர்ந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். முதலாளி, "திருஷ்டி பட்டுடுச்சி" என்று முன்னதைவிடப் பெரிய எலுமிச்சம்பழமாகப் பார்த்துக் கட்டினார். ஏஐக்கு இன்னும் புத்தி போதவில்லை என்றும் சொன்னார். நாங்கள் எழுதிக்கொடுத்ததை நம்பியதைத் தவிர அது வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். கடையில் அவர் போனில் இருந்த பெயர்களைப் பார்த்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வகை கேட்டு, புது நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த முதல் வரி ஏன் இல்லாமல் போனது என்று ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலாம் என்றும் இருந்தது.

"அமங்கலம்னு எடுத்தீங்களா?" என்றார். "என் லிஸ்ட்ல போயிட்டவங்க பேருக்கு நேரா, செத்துட்டாருன்னே எழுதி வச்சிருந்தேன். நீங்கதான டைப் அடிச்சீங்க, பாத்திருப்பீங்களே."

பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நாசூக்காக எழுதக் கூடாதா என்று அப்போது நினைத்தேன்.

"அன்னிக்கி போன்ல இருக்கிற நம்பருக்கெல்லாம் வரிசையா போட்டுக்கினே வந்தேன் மேடம். பதட்டத்துல எனக்கு எதுவும் நெனப்பு வரல. நாலாவதா ஒருத்தர் வீடு. சம்சாரம் எடுத்தாங்க. அவர ஒடனே அனுப்புங்கம்மா, ரத்தம் வேணும்னுட்டேன். அவரு செத்து எட்டு மாசம் ஆவுது."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

அவர் நோட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"'அவரு இல்லீங்களே. நான் வர்றேன், என் ரத்தம் ஆவுமா?'ன்னு கேட்டாங்க."