நாலு சக்கரமும் இழுத்த ஊடு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை என் வெல்டிங் பட்டறையைத் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மாரப்பன் இடது காலை இழுத்து இழுத்து வந்து வாசலில் நின்றார். ரிக் வண்டியோடு ஆந்திராவில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்க வேண்டியவர் சேலத்தில் என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை. முகமே சொல்லிவிட்டது.

“பாய், நாச்சிமுத்தண்ணன் போயிட்டாருங்க. முந்தாநேத்து மத்தியானம், வண்டியில ஒக்காந்தமேனிக்கே. ஊருக்குக் கொண்டு போறோமுங்க. வண்டி ரோட்டுல நிக்குது. உங்களயும் ஏத்திக்கிட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

ரோட்டில் நின்றது அண்ணனும் நானும் சேர்ந்து கட்டிய வண்டி. மிலிட்டரிப் பச்சை அங்கங்கே தெரியும் முன்பக்கம், அதன் முதுகில் தகரமும் ஆங்கிள் இரும்புச் சட்டமும் வைத்து நான் பற்றவைத்த அறை. உள்ளே ஐஸ் பாளங்களுக்கு நடுவில் அவர் படுத்திருந்தார். ரிக்கில் வேலை செய்யும் ஆறு பேரில் ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஏறி அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். அவரை நன்றாக அறிந்தவர்கள்கூட அவரைப் பற்றி ஒரு விஷயத்தைத் தப்பாக அறிந்திருக்கிறார்கள். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

நாச்சிமுத்து அண்ணன் மல்லசமுத்திரத்துக்காரர். கடலைக் காட்டை விட்டுவிட்டு ரிக் தொழிலுக்கு வந்தவர். வருஷத்தில் எட்டு மாதம் வெளி மாநிலத்தில்தான் இருப்பார். பேச்சு குறைவு. டீயில் சர்க்கரை போதாவிட்டால் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்து முடித்துவிட்டு, வழியெல்லாம் என்னிடம் குறைப்படுவார். கோபம் வந்தால் யாரையும் திட்ட மாட்டார். எழுந்து போய், வண்டிச் சக்கரத்து நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்ப்பார். அவர் ஸ்பானரை எடுத்தாலே ஆட்கள் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்வார்கள்.

அந்தக் காலத்தில் ரிக் வண்டியோடு போகிறவர்களுக்குத் தங்குமிடம் என்று ஒன்று கிடையாது. விடிய விடியத் துளை போட்டுவிட்டு, பகலில் லாரிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுப்பார்கள். வெயிலுக்கு நிழல், மழைக்குக் கூரை. அவருடைய தம்பி செல்லமுத்துவும் அப்படித்தான் படுத்தார். எழுபதுகளின் கடைசியில், ஒரு கரிசல் காட்டில், மத்தியானத்தில் மழை பிடித்துக்கொண்டது. சக்கரத்துக்கு வைத்திருந்த முட்டுக்கல் சேற்றில் புதைந்தது. லாரி ஒரு முழம் நகர்ந்தது. செல்லமுத்து எழவே இல்லை. அந்தக் கல்லை வைத்தவர் நாச்சிமுத்து அண்ணன்.

காரியம் முடிந்த வாரமே என் பட்டறைக்கு வந்தார்.

“பாய், இனி என்ற ஆளு ஒருத்தனும் லாரிக்கு அடியில படுக்கக் கூடாதுங்க. மேல படுக்கோணும். கரிசல்ல எறங்கி ஏறற வண்டி ஒண்ணு கட்டோணும்.”

“படுக்கறதுக்குன்னே ஒரு லாரியாண்ணா?” என்றேன்.

“லாரி இல்லீங்க, ஊடு.” வீட்டை அவர் அப்படித்தான் சொல்வார்.

மிலிட்டரியில் கழித்துப்போட்ட வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தார். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று பெயர்தான். முன் ஆக்சில் உடைந்து கிடந்தது. முன்சக்கரத்துக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில் பாதிப் பல் இல்லை. பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, பொருந்தாததைக் கடைந்து பொருத்தி, வருஷம் ஒன்று தாண்டிப் போனது. வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, முன்சக்கரங்கள் முதல்முறையாகத் தாமாகச் சுற்றிய அன்று, “இழுக்குதுங்க பாய், இழுக்குதுங்க!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். தம்பி போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதன் மேல் அறை கட்டியது நான். ஆறு படுக்கை, காற்று வரட்டும் என்று எல்லாம் மேலே, ஜன்னல் மட்டத்தில். கீழே மண்ணெண்ணெய் அடுப்பும் சாமான் பெட்டியும். கூரையில் தண்ணீர்த் தொட்டி. நான் லாரிக்குப் பாடி கட்டிப் பழகிய கை. ஆங்கிள் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது என்று இருந்தவன். கட்டி முடித்து, மேல் சட்டத்தைப் பிடித்துத் தொங்கிக் காட்டினேன். ஒரு கிறீச் சத்தம் இல்லை. அதில் எனக்கு வாய் கொள்ளாத பெருமை.

சோதித்துப் பார்த்ததும் லாரிக்காரர்கள் சோதிக்கிற விதமாகத்தான். மணல் மூட்டைகளை வண்டித் தரையில் பரப்பிக்கொண்டு கிளம்பினோம். மூட்டை ஏற்றி இறக்கியவர் மாரப்பன். அப்போது அவருக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன. ஆற்று மணலில் ஓட்டினோம். வெண்ணந்தூர்ப் பக்கம் சேறடித்த வயலில் இறக்கி ஏற்றினோம். கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி மலைப்பாதையில் ஏறி இறங்கினோம். வண்டி எங்கேயும் முரண்டு பிடிக்கவில்லை. அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் மெதுவாகக் கேட்டார்:

“ஏனுங் பாய், ஆளுங்க மேலதான படுப்பாங்க? மூட்டய மேல ஏத்தி ஒருக்காப் பாத்தரலாமுங்களா?”

நான் கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

“மனுஷனெல்லாம் ஒரு லோடாண்ணா? மூட்டை கிழிஞ்சா என் படுக்கை பூரா மணலாயிடும்.”

அவர் மறுபடி கேட்கவில்லை. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சக்கரத்து நட்டுகளை முறுக்கிப் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் இன்னொரு வடை சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நானும் பிஸ்மி சொல்லிக் கதவைத் திறந்துவிட்டேன். தொட்டி நிறையத் தண்ணீர். ஆறு பேரும் ஏறி, ஆளுக்கொரு படுக்கையில் படுத்துக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி சிரித்தார்கள். மல்லசமுத்திரத்துக்கு வெளியே ஏரிக்கரைச் சரிவில் அண்ணன் நடை வேகத்தில்தான் ஓட்டினார். ஒரு பக்கச் சக்கரம் வண்டித்தடத்தில் இறங்கியது. மேலே இருந்த கனமெல்லாம் அந்தப் பக்கம் போனது. அவசரமே இல்லாமல் வண்டி சாய்ந்து படுத்துக்கொண்டது. ஐந்து பேர் சிராய்ப்போடு வெளியே வந்தார்கள். மாரப்பனின் இடது கால், நான் பெருமையாகப் போட்ட ஆங்கிளுக்கு அடியில் மாட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மாரப்பனின் தாயார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அண்ணன் அவர் முன்னால் போய் நின்றார். “நாந்தானுங்கம்மா அவசரப்பட்டு ஓட்டிப்போட்டேன். என்ற தப்புங்க” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நாச்சிமுத்து தாறுமாறாக ஓட்டி ஆளின் காலை ஒடித்தார் என்றுதான் ஊர் இன்றுவரை சொல்கிறது. தம்பியும் அவரால், காலும் அவரால் என்றுகூடப் பேசினார்கள். என் தொழிலுக்கு ஒரு கெட்ட பெயரும் வரவில்லை. அதன் பிறகும் எத்தனையோ வண்டிகளுக்குப் பாடி கட்டினேன்.

அறையை வெட்டிப் பாதி உயரமாக்கினோம். படுக்கைகளைத் தரைக்கு இறக்கினோம், தொட்டியைக் கழற்றினோம். இந்த முறை மூட்டைகளைப் படுக்கைகளின் மேலேயே வைத்து, அதே ஏரிக்கரையில் ஓட்டிப் பார்த்தோம். அசையவில்லை. ஆனால் ஆறு பேரில் ஒருவர்கூட அதில் படுக்க வரவில்லை. “கீழயே படுத்துக்கறோமுங்கண்ணா” என்று சாக்கை எடுத்துக்கொண்டு பழையபடி ரிக்குக்கு அடியில் போய்விட்டார்கள். அண்ணன் யாரையும் வற்புறுத்தவில்லை. என்னிடம் வந்து, கனமான சங்கிலி ஒன்றுக்கு இரண்டு முனையிலும் கொக்கி வைத்துத் தரச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. கேட்க எனக்கு முகமும் இல்லை.

எதற்கு என்பதைச் சென்ற செவ்வாய்க்கிழமை வண்டிக்குள் வைத்துத்தான் மாரப்பன் சொன்னார்.

“நாங்க அடியில படுத்தமுன்னா, அண்ணன் இந்த வண்டியக் கொண்டாந்து மேட்டுப் பக்கம் நிறுத்தி, ரிக்கு நகராதபடிக்கு ரெண்டுக்கும் சங்கிலி போட்டுருவாருங்க. நாலு சக்கரத்தயும் கியர்ல போட்டு, பிரேக்குல கால வெச்சு ஒக்காந்துக்குவாரு. நாங்க எந்திரிக்கற வரைக்கும் எறங்க மாட்டாருங்க. இத்தன வருசமா இதே கதைதான்.”

“அன்னைக்கும்?”

“அன்னைக்கும் அப்பிடித்தானுங்க. எந்திரிச்சுப் போய் டீக்குக் கூப்புட்டேன், பேச்சில்லை. கால் பிரேக்கு மேலயே இருந்துச்சுங்க. மத்தவங்கள எழுப்பி, வெளிய வரச்சொல்லி, கல்லு வெச்ச பொறவுதான் அவரு கால எடுத்தோம்.”

வண்டி அப்போது ஏரிக்கரையில் ஏறிக்கொண்டிருந்தது. இனிமேலும் மூடி வைத்திருந்தால் நான் மனிதனில்லை என்று தோன்றியது. மூட்டையை மேலே வைத்துப் பார்க்கலாமா என்று அண்ணன் கேட்டதையும், நான் சிரித்ததையும், ஆஸ்பத்திரியில் வாய் மூடி நின்றதையும் மாரப்பனின் முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன்.

மாரப்பன் வெகுநேரம் ஐஸ் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

“தெரியுமுங்க பாய்” என்றார். “அன்னைக்கு நானும் அந்தக் கடையிலதான இருந்தேன். நீங்க சிரிச்சப்ப நானுஞ் சேந்து சிரிச்சனுங்க.”

சாயங்காலத்துக்குள் காரியங்கள் முடிந்தன. இரண்டு நாளாகக் கண் மூடாத ஆறு பேரும் மயானத்திலிருந்து நேராக வண்டிக்கு வந்தார்கள். மாரப்பன்தான் முதலில் ஏறினார். ஐஸ் தண்ணீரின் ஈரம் காயாத அறையில், ஆளுக்கொரு படுக்கையில் விழுந்து தூங்கிப்போனார்கள். ஆறு படுக்கையும் நிறைந்து அன்றுதான் மறுபடி பார்த்தேன்.

வண்டி நின்றது சமதரையில். கியரிலும் இருந்தது. நகர வழியே இல்லை. இருந்தாலும் நான் ஓட்டுநர் இடத்தில் ஏறி, பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அண்ணா, நீங்கள் நிம்மதியாகப் போய்ச் சேருங்கள். உங்கள் ஆட்கள் ஊட்டில் தூங்குகிறார்கள். அவர்கள் எழுந்திருக்கும்வரை நான் இறங்க மாட்டேன்.