நல்ல ரெகுலேட்டர்

விருந்தாளி என்றால் போதும், என் மச்சானுக்குத் தலைகால் புரியாது. வீட்டில் இருக்கும் நல்ல டம்ளர், நல்ல நாற்காலி, நல்ல போர்வை எல்லாம் வந்தவனுக்குத்தான். ஊரே அதை மெச்சும். அந்த மெச்சலுக்காக அந்த மனுஷன் என்னைக் கொல்லப் பார்த்தார். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் சூலூரில் அவர் ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். கூடவே அணைகளில் மதகு சுத்தம் செய்யும் காண்ட்ராக்ட். தண்ணீருக்குள் இறங்குகிறவன் நான். தூத்துக்குடியில் டைவிங் பழகியவன். அவர் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு அவரிடமே வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்த மார்கழியில் மேட்டுப்பாளையம் தாண்டி, நீலகிரி உச்சியில் ஒரு அணையில் வேலை வந்தது. கையை விட்டால் விரல் மரத்துப்போகிற தண்ணீர். கிளம்பும் முன்பே அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் குளிரில் உறைந்துவிடும். கரையில் அதன் பொத்தானை அமுக்கி விளையாடக் கூடாது. வேகமாகப் பாயும் காற்றே உள்ளிருக்கும் உலோகத்தை ஐஸாக்கிவிடும். வாயில் வைத்து ஊதிப் பார்க்கவும் கூடாது, மூச்சின் ஈரம் உறையும். தண்ணீருக்குள் போன பிறகுதான் முதல் மூச்சு. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டியே தீர வேண்டுமென்றால் இதைக் காட்டுங்கள் என்று, ஒரு பழைய ரெகுலேட்டரையும் பாதிக் காற்றுள்ள சிலிண்டரையும் ஜீப்பில் ஏற்றினேன். சரிங்க, சரிங்க என்று மண்டையை ஆட்டினார்.

அணையைக் கவனிக்கும் இன்ஜினியர் குடும்பத்தோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். நான் ஜீப்புக்குப் பின்னால் நின்று ரப்பர் உடுப்புக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டிருந்தேன். கரையில் புஸ், புஸ் என்று சத்தம் கேட்டது. பழையதுதானே என்று விட்டுவிட்டேன். சிலிண்டரை மாட்டும்போது காற்றின் அளவைக் காட்டும் மீட்டர் கொஞ்சம் இறங்கியிருந்தது. குளிரில் அப்படித்தான் இறங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மடத்தனம் என்னுடையது.

முப்பது அடி ஆழத்தில் மதகுக் கம்பியில் சிக்கியிருந்த கிளையை இழுத்தேன். மூச்சு வாங்கியது. அடுத்த மூச்சில் ரெகுலேட்டர் திறந்தபடியே நின்றுவிட்டது. காற்று நின்றுவிடும் என்றுதான் எல்லாரும் பயப்படுவார்கள். குளிரில் அது நிற்காது, மொத்தமாகக் கொட்டித் தீரும். பல் கூசியது. கண்ணுக்கு முன்னால் குமிழியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மீட்டரை முகத்தருகே தூக்கிப் பார்த்தால் முள் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. உதட்டைத் தளர்த்தி, வேண்டிய காற்றை மட்டும் உறிஞ்சி, மீதியை வெளியே விட்டேன். பயந்து மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். உடம்போ பாயத்தான் துடித்தது. என் மனைவிக்கு அது ஐந்தாம் மாதம். அதை மட்டும் நினைத்துக்கொண்டு, கரையிலிருந்து விட்டிருந்த கயிற்றைப் பிடித்து மெதுவாக ஏறினேன். தலை வெளியே வந்தபோது சிலிண்டரில் ஒன்றுமில்லை.

தவழ்ந்து கரையேறி ஜீப்பைப் பார்த்தேன். பழைய ரெகுலேட்டர், சுற்றிய துணிகூடப் பிரியாமல் கிடந்தது.

மச்சான் கொஞ்சமும் கூசவில்லை. "ஏனுங்க மாப்ள, வந்தவங்களுக்குப் பழசையா காட்டறது? நீங்க எதுல எறங்கறீங்கன்னு கேட்டாங்க. நல்லதைக் காட்டினேனுங்க. ஆளுக்கு ஒருக்கா அமுக்கிப் பாத்தாங்க, அவ்வளவுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐஸ் படிந்த என் ரெகுலேட்டரை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்தேன். இரண்டு நொடி தாங்கவில்லை, கையை உதறினார்.

"இதுக்குள்ள இருந்துதானுங்க எனக்கு மூச்சு வரோணும்" என்றேன்.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். இன்ஜினியர் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவிய கெளம்பறதுக்குள்ள இன்னொருக்கா எறங்கீரலாமுங்களா?"

ரப்பர் உடுப்பை உரித்து அவர் காலடியில் போட்டேன். ஈரத் தலையோடு மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன். அதன்பின் அவருக்காக ஒரு குட்டையில்கூட இறங்கவில்லை.

இப்போதும் அவர் வீட்டுக்குப் போனால் முதல் காபி எனக்குத்தான், அதுவும் அந்த நல்ல டம்ளரில். அன்று வயிற்றில் இருந்த என் மகள் எடுத்துக் குடிப்பாள். நான் தொட்டதில்லை.