கோழியக்காவின் கை

பாட்டின் நடுவே இறங்கிப் போய் ஓர் ஆளைப் பளாரென்று அறைந்துவிட்டு, திரும்பி வந்து இரண்டாவது சரணத்தைத் தாளம் தப்பாமல் பிடித்த பாடகி வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை. கோழியக்கா அதைச் செய்தாள். ஒரு சனிக்கிழமை மாலை நாலே காலுக்கு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் காப்பிக் கடையில்.

மேடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு மேசையை ஓரமாகத் தள்ளி, ஒரு பழைய ஜமுக்காளத்தை விரித்து, ஒரு மைக்கும் ஒரு ஸ்பீக்கரும் வைத்திருப்பார்கள். சனிக்கிழமைதோறும் அங்கே ஓப்பன் மைக். பேர் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஆளுக்குப் பத்து நிமிடம். கவிதை வாசிக்கிறவர்கள், ஜோக் சொல்கிறவர்கள், காதல் தோல்வியை அழுது தீர்க்கிறவர்கள் எல்லாரும் வருவார்கள். இவர்கள் மூன்று பேர். ஐம்பது வயதான வேன்காரர் கிடார் வாசிப்பார்; காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவர் தொழில். கண்ணாடிக்காரன் மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிறவன். முப்பத்தைந்து வயது, ஒற்றை நாடி உடம்பு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மரப்பெட்டி ஒன்றைத் தானே செய்து, அதன் மேலேயே உட்கார்ந்து தாளம் தட்டுவான். பாட்டெழுதுவதும் அவன்தான். சந்தையில் கோழி வெட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து பாடுகிறவள் கோழியக்கா. வேன்காரரின் கிடார் பாதி நேரம் சுருதி விட்டுப் போகும் என்பதால், அதையும் அரை ஆளாகச் சேர்த்துக் குழுவுக்கு ‘மூன்றரை’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு மூன்றாவது மேசையில் இருந்த ஒருவன், “கோழி கூவுது, விடிஞ்சிருச்சா மாப்ள?” என்றான். சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பாடினாள். அதோடு விட்டிருந்தால் அவனுக்கு நல்லது. அவள் என்ன விற்கிறாள், கிலோ என்ன விலை என்று அடுத்து ஒன்று சொன்னான். எழுத்தில் போட முடியாத பேச்சு அது.

மைக்கை அதன் இடத்தில் பதமாக வைத்துவிட்டு அவள் இறங்கினாள். ஒரே அறை. அவன் நாற்காலியோடு சாய்ந்தான். வேன்காரர் பயத்தில் பிடித்த ஸ்வரத்தை விடாமல் அதையே சுற்றிச் சுற்றி மீட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரன் பெட்டியைத் தட்டுவதை நிறுத்தவே இல்லை. அவள் திரும்பி வந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சரணத்தை எடுத்தாள். அறை வாங்கியவனின் கூட்டாளிகளே கை தட்டினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அத்தனையையும் போனில் பிடித்துவிட்டான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அறைந்த கை இனித்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கைக்கு ஒரு கதை உண்டு. அப்பா செத்தபோது அவளுக்குப் பதினாறு வயது, தம்பிக்கு எட்டு. அம்மா ஒரு துணி ஆலையில் இரட்டை ஷிப்ட் போனாள். கடையும் தம்பியும் இவள் தலையில் விழுந்தன. அடியாத மாடு படியாது என்று ஊர் சொன்னதை அவள் வேதமாக எடுத்துக்கொண்டாள். பாடம் படிக்காவிட்டால் கரண்டி. பொய் சொன்னால் பெல்ட். ஒரு நாள் அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கடைக்கு வந்து, பாவம் என்று ஒரு கூண்டுக் கோழிகள் அத்தனையையும் திறந்துவிட்டான். தெருவெல்லாம் கோழி. தரை கழுவுகிற ரப்பர் குழாயால் அவன் கால்சட்டையிலேயே மூத்திரம் போகிற வரைக்கும் அடித்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். “அழு. இப்ப அழு பாக்கலாம்” என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். அவன் அழவில்லை. பிள்ளை உறுதியாக வளர்கிறான் என்று அன்றைக்கு அவளுக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

பதினெட்டு வயதில் அவன் முதல்முறையாக, ஓங்கிய அவள் கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். அன்றோடு அடி போகும் திசை மாறியது. இப்போது அவனுக்கு முப்பத்திரண்டு. லாரி செட்டில் மூட்டை ஏற்றுகிற ஆட்களுக்குத் தலைவன். பேச்சுக்கு முன்னால் கை பேசும். பொண்டாட்டி கட்டிய பிறகும் மாதம் ஒரு தடவையாவது ஏதோ ஒரு சாக்கில் கடைக்கு வந்து அக்காவை நாலு தட்டுத் தட்டாமல் அவனுக்குத் தூக்கம் வராது. அவளும் வாங்கிக்கொள்வாள். கொடுத்ததுதானே வருகிறது என்று நினைப்பாள்.

அவள் பாட வந்ததே விபத்து. இறகு உரிக்கிற மெஷின் ஓடும்போது கடகடவென்ற அந்தச் சத்தத்துக்கு மேலே பாடிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கோழி வாங்க வந்த வேன்காரர், “ஏம்மா, மெஷினை நிறுத்திட்டுப் பாடேன், கேப்போம்” என்றார்.

“மெஷின் ஓடினாத்தாண்ணே எனக்குப் பாட்டு வரும்.”

“அப்ப மெஷினுக்குப் பதிலா நான் கிடார் அடிக்கிறேன். சத்தம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.”

அப்படித் தொடங்கியது. வேன்காரருக்குப் பகல் முழுக்க ஓய்வு. அவளுக்கு மதியத்தோடு கடை முடியும். ஒரு மணியிலிருந்து இரண்டரை வரைக்கும் வேனுக்குள்ளேயே, பிள்ளைகள் விட்டுப்போன தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே பயிற்சி.

காப்பிக் கடைப் படம் ஞாயிறு முழுக்க ஊர் சுற்றியது. திங்கள் காலை பத்து மணிக்குத் தம்பி வந்தான். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

“என் ஆளுங்களே போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டிக் காட்டுறானுங்க. ‘உங்கக்கா சூப்பரா பாடுது அண்ணே’ன்னு.”

“பாடினதுக்குக் கோவமா, அறைஞ்சதுக்குக் கோவமா?”

“ரெண்டுக்கும்” என்றான் அவன். சொல்லிக்கொண்டே மேல் கூண்டை இழுத்துக் கீழே தள்ளினான். அவள் குனிந்து தூக்கப் போனபோது கொண்டையைப் பிடித்து, தலையை வெட்டுக்கட்டையில் மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. புருவம் கிழிந்து, கட்டையில் இருந்த கோழி ரத்தத்தோடு அவள் ரத்தமும் சேர்ந்தது. நின்றவர்களில் ஒருவரும் அசையவில்லை. அத்தனை நேரமும் அவள் வலது கையில் கத்தி இருந்தது. கொஞ்சம் திருப்பினால் போதும், அவன் தொடை. அவள் கத்தியை எட்டித் தண்ணீர் ட்ரம்முக்குள் போட்டாள். அது கையில் இருந்தால் என்ன ஆகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அவன் போன பிறகு நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு, “அடுத்து யாரு? தோலோடயா, உரிச்சா?” என்று கேட்டாள்.

மதியம் வேனில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேன்காரர் கிடாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. “கொஞ்ச நாள் நிறுத்திடலாமாம்மா?”

“மூணு மணிக்கு நீங்க பிள்ளைங்களைக் கூப்பிடப் போகணும். நேரம் போகுது, எடுங்கண்ணே.”

இரண்டு வாரம் கழித்து ஒரு டயர் கடைத் திறப்பு. ஞாயிறு காலை பதினொரு மணி. கடை வாசலில் பந்தல், பின்னால் ஆள் உயரத்துக்கு அடுக்கிய டயர்கள். ‘மூன்றரை’யை ஒருவர் வந்து அழைத்த முதல் நிகழ்ச்சி அதுதான். அதனால் கண்ணாடிக்காரன் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். இரண்டு பாட்டு நன்றாகப் போயின. மூன்றாவதைத் தொடங்கும்போது தம்பி இரண்டு ஆட்களோடு பந்தலுக்குள் நுழைந்தான்.

முதலில் கிடார். ஓர் ஆள் அதைப் பிடுங்கி டயர் அடுக்கின் மேல் ஓங்கி அடித்தான். டயர் அல்லவா, கிடார் சும்மா எகிறித் திரும்பி வந்தது. கூட்டத்தில் ஒருவர் சிரித்தேவிட்டார். அந்த ஆத்திரத்தில் அவன் அதைச் சிமெண்டுத் தரையில் அடித்தான். அடுத்த அடிக்குத் தூக்கியபோது வேன்காரர் குறுக்கே விழுந்தார். விலாவில் மூன்று உதை. எலும்பு முறிகிற சத்தம் அவருக்கே கேட்டதாம். இன்னொருவன் பெட்டியோடு சேர்த்துக் கண்ணாடிக்காரனை எத்தித் தள்ளினான். உருண்டு விழுந்த கண்ணாடிக்காரன் எழுந்திருக்கவில்லை. விழுந்த இடத்திலிருந்தே எத்தியவனின் கெண்டைக்காலைக் கடித்தான். உடும்புப் பிடி. தலையில் குத்தினாலும், முடியைப் பிடித்து இழுத்தாலும் விடவில்லை. முன்பல் ஒன்று அந்தக் காலிலேயே போய்விட்டது.

தம்பி அக்காவின் முடியைக் கையில் சுற்றி முகத்தை மைக்குக்கு நேராக அழுத்தினான். அவள் உதடு மைக்கின் கம்பியில் கிழிந்தது.

“பாடு. இப்பப் பாடு பாக்கலாம்.”

ஸ்பீக்கர் வழியாக அது தெரு முழுக்கக் கேட்டது. அவளுக்கு அந்தக் குரல் தன் குரல் மாதிரியே இருந்தது. அப்போது மனம் இளகியிருக்க வேண்டும், இளகவில்லை. கண் இருண்டது. மைக் ஸ்டாண்டைத் தலைகீழாகத் தூக்கினாள். அடியில் இரும்பு வட்டு. சுழற்றி அடித்ததில் அது அவன் தாடையில் விழுந்தது. அவன் முடியை விட்டுவிட்டுச் சாய்ந்தான். கீழே கிடந்தவனின் அதே தாடையில் இன்னொன்று போட்டாள். மூன்றாவதற்கு ஓங்கினாள். கண்ணாடிக்காரன் கடித்த காலை விட்டுவிட்டு அவள் காலைக் கட்டிக்கொண்டான். “அக்கா போதும், செத்துருவான்க்கா, போதும்!” வாயெல்லாம் ரத்தத்தோடு அவன் கத்தியது மைக்கில் கேட்டது.

காவல் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி வாக்குமூலம் எழுதினார். கோழியக்கா எதையும் மறைக்கவில்லை. “முத அடி, அவன் என் முடியப் பிடிச்சிருந்ததால. ரெண்டாவது எனக்குப் பிடிச்சுப்போய் அடிச்சது.”

அதிகாரி பேனாவை நிறுத்தினார். “ரெண்டாவதைச் சொல்லாம விட்டா உங்களுக்கு நல்லதும்மா.”

“எழுதுங்க.”

தம்பி தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்; அவள் நாற்பத்தொரு நாள் சிறையில் இருந்தாள். அம்மா ஒரே ஒரு தடவை வந்தாள். “ஒண்ணுக்கு வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு, ஒண்ணு கம்பிக்குப் பின்னால இருக்கு. நான் எந்தப் பக்கம் சோறு கொண்டு போறது?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனாள்.

ஜாமீனில் வந்தபோது கடை தம்பி கைக்குப் போயிருந்தது. அவள் சண்டைக்குப் போகவில்லை. பெரிய இறைச்சிக் கடை ஒன்றில் வெட்டுக்காரியாகச் சேர்ந்தாள். கண்ணாடிக்காரன் வேலை செய்யும் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை கிடைத்தது. விலா சேர்ந்ததும் வேன்காரர் ஓர் இரவல் கிடாரோடு வந்து நின்றார்.

“வீட்டுல என்னண்ணே சொன்னாங்க?”

“போறதுன்னா ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போங்கன்னாம்மா.”

மறுபடி காப்பிக் கடையில் பேர் கொடுத்தார்கள். அந்தச் சனிக்கிழமை மதியம், அவள் தலை வாரிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. தம்பியின் மனைவி. கையில் ஒரு துணிப்பை. இடது கண் ஊதி மூடியிருந்தது.

“அவருக்கு வாய் கட்டியிருந்த ஆறு வாரமும் வீடு அமைதியா இருந்துச்சுக்கா” என்றாள் வாசலிலேயே நின்று. “ஒரு நாள் டிவி பாத்துச் சிரிச்சுட்டேன். அதை மனசுல வெச்சிருந்திருக்காரு. கை சும்மா இருந்தாலும் மனசு எண்ணிக்கிட்டே இருந்திருக்கு.”

கோழியக்கா சீப்பும் கையுமாக அந்தக் கண்ணையே பார்த்தாள்.

“சின்னதுல நீங்க அவரைப் போட்டு அடிப்பீங்களாமே?”

“ஆமா.”

“எதுக்குக்கா?”

“திருந்தணும்னு.”

“திருந்துனாரா?”

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். “உள்ள வா” என்றாள்.

அரை மணி நேரத்தில் படிக்கட்டில் செருப்புச் சத்தம். தம்பி தனியாகத்தான் வந்தான். தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது, பேச்சு குழறியது. “அவளை அனுப்பு.”

“அனுப்ப மாட்டேன்.”

அவன் அறைந்தான். அவள் வழியை விடவில்லை. மறுபடி ஓங்கினான், இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டாள். இருபத்துநாலு வருடம் எலும்பு வெட்டிய கை. அவன் உதைத்தான், திமிறினான், படிக்கட்டின் சுவரில் அவளை மோதினான். பிடி விடவில்லை. அடிக்கவும் இல்லை. அடிக்க வேண்டும் என்று தோள் வரைக்கும் துடித்தது. ஒரு தள்ளு தள்ளினால் பன்னிரண்டு படியும் உருண்டு போவான். கடைசியில் அவன் தலையால் அவள் மூக்கை முட்டினான். பொலபொலவென்று ரத்தம் அவள் புடவையிலும் அவன் சட்டையிலும் கொட்டியது. கீழே கண்ணாடிக்காரன் காவல் நிலையத்துக்குப் போன் பேசிக்கொண்டிருந்தான்.

“நான் வரல” என்று பின்னாலிருந்து ஒரு குரல். தம்பி மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நீ இவங்களைக் கொன்னாலும் வரல. போ.” அவனை அவள் ‘நீ’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் கையில் இருந்த இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. கோழியக்கா விட்டாள். அவன் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனான்.

நாலு மணிக்கு மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு அவள் பாடினாள். தம்பி மனைவியைத் தனியே விட்டுவரப் பயந்து முதல் மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். பாட்டு நன்றாக வரவில்லை. பல்லவியிலேயே மூச்சு முட்டியது. பல் போன கண்ணாடிக்காரன் கூடச் சேர்ந்து பாடியதில் சொல்லெல்லாம் காற்றாகப் போயிற்று. காப்பிக் கடைக்காரம்மா ஒரு துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றித் தம்பி மனைவியின் ஊதிய கண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

போனில் பேசியபோது நேரில் வந்து எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்; பாட்டு முடிந்ததும் வேன்காரர் எல்லாரையும் வேனில் ஏற்றிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். “நான் சொல்றேன், அவங்க எழுதிக்கட்டும்” என்று கோழியக்கா தொடங்கினாள். தம்பி மனைவி வெள்ளைத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கல்யாணம் ஆன மறுவாரத்திலிருந்து ஆரம்பித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, நாலு பக்கம் எழுதினாள். மற்ற மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.