வீட்டுக்கு ஒரு காப்பு

எங்கள் வீட்டு மாடியில் ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் மண்ணுக்குள் கிடந்து கல்லாகவே மாறிப்போன மரங்களை ஆராய வந்த விஞ்ஞானி. நான் எட்டாவதோடு நின்று மளிகைக்கடை வைத்தவன். அவர் படிப்பு எனக்கு விளங்காது. ஆனால் நான் சாமி கும்பிடும்போதெல்லாம் இறங்கி வந்து படியில் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் கேட்டே விட்டேன், எங்கள் சாமிமேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்று.

"ஐயா, நான் அளப்பது கோடிக்கணக்கான வருடங்களை. சிறுவயதில் எனக்குச் சொன்ன கதையில் உலகம் நேற்றுத்தான் பிறந்தது. உங்கள் யுகக் கணக்கில்தான் என் கல்லுக்கு இடம் இருக்கிறது" என்றார். புதுச்சேரியில் வாத்தியார் வைத்துக் கற்ற தமிழ். அச்சடித்தது போலப் பேசுவார்.

கறி மீனை விட்டார். கிருத்திகைக்கு விரதம் இருந்தார். "இவரு இருக்கற சுத்தத்துக்கு நாமதான் மாடியில வாடகைக்கு இருக்கணும்" என்பாள் என் மனைவி.

எங்கள் ஊர் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காப்புக் கட்டி நெருப்பில் இறங்கவேண்டும். என் அப்பாவுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு நான்தான். இந்த முறை சர்க்கரையால் குதிகாலில் புண். நெருப்பில் வைத்தால் காலையே எடுக்க நேரும் என்று விழுப்புரத்து டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை துபாயில். நான் தவித்துக்கொண்டிருந்தபோது, "நானும் இந்த வீட்டில்தானே இருக்கிறேன்" என்று அவர் கையை நீட்டினார். பூசாரி ஊராரைக் கேட்டுவிட்டு மஞ்சள் கயிற்றைக் கட்டினார்.

டீக்கடையில் என் மச்சான் விடவில்லை. "இன்னா மாமா, ஊட்டு வேண்டுதலையே அவுட்சோர்சிங் உட்டுட்டியா?"

காப்புக் கட்டியவர் தீமிதி முடியும்வரை ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக்கூடாது. பகலில் போய் வரலாம். நம் பிள்ளைகள் காப்போடு திண்டிவனம் போய் பஜ்ஜி தின்றுவிட்டு வருவார்கள். இவரோ பகலில்கூட எல்லைக்கல்லைத் தாண்டவில்லை.

அப்போதுதான் அவர் தங்கையிடமிருந்து போன் வந்தது. தாயார் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் மகன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறார். டாக்டர்கள் நம்பிக்கை சொல்லவில்லை.

அவர் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். பெட்டி கட்டவில்லை.

"கிளம்புங்க சார். ஏர்போட்டுக்கு வண்டி சொல்றேன்" என்றேன்.

"நான் போனால் நீங்கள் இறங்குவீர்கள். எனக்குத் தெரியும்."

உண்மைதான். என் காலத்தில் எங்கள் வீடு இல்லாமல் ஒரு தீமிதி நடந்தது என்றால் அம்மன் முகத்தில் எப்படி விழிப்பேன்? போகச் சொன்னால் என் கால் போகும். இருக்கச் சொன்னால் ஒரு தாயின் பாவம். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். கயிறு எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த மனிதர் கொஞ்சம் குறைவாக நம்பியிருக்கக்கூடாதா என்று எனக்கே தோன்றியது. சாமி கும்பிடுகிறவன் நினைக்கிற நினைப்பா இது! கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அவரைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு நொண்டிக்கொண்டே போனேன். விஷயத்தைக் கேட்ட பூசாரி கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"கயட்டலாம். ஆனா கயட்டின கையோட இன்னொரு கையில கட்டணும். வெறுங்கயிறா கீழ உழக்கூடாது. அந்த ஊட்டுக் கையாவும் இருக்கணும். யாரு கையி, சொல்லு."

நான் என் கையை நீட்டினேன். வெள்ளைக்காரர் தம் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "அப்படியானால் வேண்டாம்" என்றார். நான் நீட்டியபடி, அவர் மறைத்தபடி, அப்படியே நின்றோம்.

பின்னாலேயே வந்திருந்த என் மனைவி என் கையைத் தட்டிவிட்டாள். "டாக்டரு சொன்னது காதுல ஏறலையா? பூசாரி, எனக்குக் கட்டுங்க."

"உனக்கா?" என்றேன்.

"ஏன், இந்த ஊட்ல நான் ஆளு இல்லையா? இல்ல நானும் வாடகைக்கு இருக்கறனா?"

இத்தனை நாளும் 'வீட்டுக்கு ஒருவர்' என்று கணக்குப் பார்த்தபோது அவள் என் நினைவுக்கே வரவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க போங்க சார். பெத்தவ கூப்ட்டா எங்க ஆத்தா ஒண்ணும் கோச்சிக்க மாட்டா. கோச்சிக்கினா என்கிட்ட கேக்கட்டும்."

அவர் மெல்லக் கையை முன்னால் கொண்டுவந்தார். கயிறு இடம் மாறியது. அவர் அவள் காலைத் தொடக் குனிய, அவள் பதறிப் பின்வாங்கினாள்.

அவர் விமானம் பிடிக்கச் சென்னைக்குப் போய்விட்டார். என் பயம் போகவில்லை. நெருப்பு அவளுக்குப் புதிது. தீமிதி அன்று கட்டுப்போட்ட காலோடு கயிற்றுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். "கோவிந்தா" என்று ஊரே கத்தியது. மஞ்சள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் இறங்கினாள். ஓடவில்லை, சந்தைக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். நெருப்பு முடிகிற இடத்துப் பால்குழியில் கால் வைத்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

மறுநாள் அவர் போன் செய்தார். தாயார் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டாராம். பேச்சு இல்லை, கையை மட்டும் விடவில்லையாம். "அம்மாவின் கால்கள் எப்படி இருக்கின்றன?" என்று என் மனைவியைப் பற்றி என்னிடம் கேட்டார்.

அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். நீங்க உங்கம்மாவப் பாருங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்த வருஷம் உன் புண்ணு ஆறினாலும் காப்பு எனக்குத்தான், சொல்லிட்டேன்" என்றாள்.

நான் காலை நீட்டி, டாக்டர் கொடுத்த மருந்தைப் போட்டுக்கொண்டேன்.